ஆள் உறங்காத வீடுகள்

நிக்டி, புனே
16 ஜூன் 2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எதையும் கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், உனக்கு வருத்தம் தரும் என்பதற்காக மறைக்கவும் மாட்டேன். இதைக் கடித நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

நீ போய் இரண்டு வாரம் ஆகிறது. நவதுறவு இல்லத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், மாதம் ஒரு கடிதம்தான் என்று நீ சொன்னபோது அப்பா சிரித்தார் இல்லையா? "இந்தக் காலத்துல எவம்ல கடுதாசி எழுதுதான்?" என்றார். நேற்று போசரி ஃபாக்டரியிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வரும்போது தபால் உறைகள் வாங்கி வந்தவர் அவர்தான். என் மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். என் மேசை என்றால் தெரியுமே, சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் இருக்கும் மடக்கு மேசை.

நீ கேட்டபடி நம் ஊரின் நிலவரம். லாக்டவுனில் தொடங்கி நான்கு வருடமாகக் கம்ப்யூட்டர் ஆட்டத்தில் நாம் கட்டிய ஊர் அப்படியே இருக்கிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் என் நூலகம், அந்தப் பக்கக் குன்றில் உன் நீலக் கண்ணாடிக் கோபுர வீடு, நடுவில் நம் பாலம். கோபுரத்தில் விளக்கு எரிகிறது. நீ ரயில் ஏறும் நாளில் செட்டிங்ஸைத் திறந்து, சிதைவு, செடி வளர்ச்சி என்று பத்துவரை எண் போட்ட இரண்டு கோடுகளையும் இரண்டிலிருந்து பூஜ்யத்துக்கு இழுத்தாய். "இதைத் தொடாதே" என்றாய். தொடவில்லை. முன்பெல்லாம் பாலத்தில் பாசி பிடிக்கும், சனிக்கிழமை சுரண்டுவோம். இப்போது சுரண்ட ஒன்றும் இல்லை.

வீட்டிலும் அம்மா அப்படித்தான் சொல்லிவிட்டார்கள். பால்கனியை அடைத்துக் கட்டிய உன் அறையில் எதையும் நகர்த்தக் கூடாது. உன் பேஸ்ட்கூடப் பாதி அழுத்தியபடியே இருக்கிறது. அடுத்த மே மாதம் நீ துறவியாக முதல் வார்த்தைப்பாடு கொடுப்பாயா, இல்லை வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிடுவாயா என்று தெரியும்வரை இப்படித்தானாம். உன் அறையில் ஜீரோ வாட் பல்பு ஒன்று இரவும் பகலும் எரிகிறது. நீ போன இரவு அம்மா போட்டது, இன்னும் அணைக்கவில்லை.

அன்புடன்,
டானியா

---

கொடைரோடு அருகே
7 ஜூலை 2024

இயேசுவுக்கே புகழ்.

டானியா, என் தமிழ் மோசம். இங்கே எல்லோரும் தமிழில்தான் பேசுகிறார்கள், என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அதனால் நீ தமிழிலேயே எழுது. உன் கடிதத்தைப் படித்துப் படித்துப் பழகிக்கொள்கிறேன்.

காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும். செபம், பூசை, வகுப்பு. மதியம் வேலை. எங்கள் பதினொரு பேருக்கும் தோட்டத்துக்குப் பின்னால் உள்ள நிலத்தைக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் சீமைக்கருவேலம். வெட்டினால் இரண்டு வாரத்தில் திரும்பவும் வருகிறது. இங்கே கோடு எதுவும் இல்லை, பூஜ்யத்துக்கு இழுக்க. கை முழுக்க முள்.

கடிதத்தை ஒட்டாமல்தான் எங்களுக்குப் பொறுப்பான மாஸ்டர் ஃபாதரிடம் கொடுக்க வேண்டும். படிப்பாரா தெரியாது. அதனால் நிறைய எழுதவில்லை.

ஊரை அப்படியே வைத்திரு. நான் வரும்போது விட்டது விட்டபடி இருக்க வேண்டும். கோபுர விளக்கைப் பார்த்துக்கொள்.

ஜெரோஷ்

---

நிக்டி
28 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஊர் அப்படியே இருக்கிறது. போன முறை எழுதியதையே திரும்ப எழுதலாம். பேக்கரி வாசலில் நீ நட்ட மஞ்சள் பூ உதிரவில்லை. நான் போய் நின்று பார்த்தேன், பத்து நிமிடம் நின்றேன். அது அசைகிறது, உதிர்வதில்லை. எனக்குக் கொஞ்சம் அலுப்பாக இருந்தது. உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

இங்கே நாற்பது நாளாக மழை. துணி காயவில்லை. உன் அறைக்கதவை அடைத்தே வைத்திருப்பதால் வெளிச்சுவரில் ஈரம் இறங்கி, அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம் படர்ந்திருக்கிறது. நீ பூசைக்குப் போட்டுப் போகும் கறுப்பு ஷூவில் பச்சையாக ஒரு பொடி. அம்மா தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் அதைத் துடைக்கிறார்கள். துடைத்துவிட்டு அதே இடத்தில், அதே கோணத்தில் வைக்கிறார்கள். மறுநாள் திரும்பப் பூக்கிறது.

நேற்று கேட்டேன்.

"அம்மா, நான் அண்ணன் ரூம்ல உக்காந்து படிக்கட்டுமா? பத்தாங்கிளாஸ்மா. மிக்ஸி சத்தத்துல ஜியாமெட்ரி ஏற மாட்டேங்குது."

"மிக்ஸிய நிப்பாட்டுதேன்."

"ராத்திரி ஹால்ல அப்பா டிவி வேற."

"டிவியயும் நிப்பாட்டச் சொல்லுதேன். அந்த ரூம்ல ஒண்ணையும் தொடாதட்டி. அவன் திடீர்னு வந்து நின்னா எங்க படுப்பான்?"

அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கதுக்கு அவன் என்ன, கேஸ் சிலிண்டரா?" என்றார். அம்மா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன், பிறகு நிறுத்திக்கொண்டேன்.

டானியா

---

கொடைரோடு அருகே
1 செப்டம்பர் 2024

இயேசுவுக்கே புகழ்.

டானியா, போன மாதம் எழுத முடியவில்லை, காய்ச்சல். இப்போது சரி. அம்மாவிடம் சொல்லாதே.

எங்களில் இருவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். காலையில் சாப்பிட உட்கார்ந்தபோது இரண்டு தட்டு குறைவு. யாரும் எதுவும் கேட்கவில்லை. இங்கே அது வழக்கம். போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். வேறு எழுத இல்லை. கோபுர விளக்கு எரிகிறதா?

ஜெரோஷ்

---

நிக்டி
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாம் அப்படியே இருக்கிறது. கோபுர விளக்கு எரிகிறது. பரீட்சை இருப்பதால் இவ்வளவுதான்.

டானியா

---

நிக்டி
13 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். போன கடிதத்தில் நான் எழுதியது பொய். கோபுர விளக்கு எரியவில்லை. கோபுரத்தில் கண்ணாடியே பாதி இல்லை.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி பள்ளியில் கொடி ஏற்றிவிட்டு வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. ஊருக்குள் போய் அந்த மஞ்சள் பூவின் முன்னால் நின்றேன். பிறகு செட்டிங்ஸைத் திறந்து இரண்டு கோடுகளையும் ஒன்றுக்கு நகர்த்தினேன். ஏன் என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தேன். நீ இல்லை என்பது எங்கேயாவது தெரிய வேண்டும் போல இருந்தது. வீட்டில் எங்கும் தெரிவதில்லை. பேஸ்ட், ஷூ, பல்பு, எல்லாம் நீ கடைக்குப் போயிருக்கிற மாதிரியே இருக்கிறது.

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அதனால் ஐந்துக்கு நகர்த்தினேன். அதற்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி இருந்ததை நான் படிக்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். 'எந்த வீடுகள்' என்று கேட்டு, 'ஆள் உறங்காத வீடுகள் மட்டும்' என்று இருந்தது. எந்த வீட்டுக் கட்டிலில் யாரும் படுத்து எழுவதில்லையோ, அந்த வீடுதான் இடியும். ஆட்டத்தை மூடி வைத்தாலும் நாள் ஓடும். நான் தினமும் என் நூலகத்தில் படுத்து எழுந்தேன். ஊர் முழுக்கச் சுற்றினேன், பாலத்துப் பாசியைத் தவிர ஒரு மாற்றமும் இல்லையே என்று நினைத்தேன். குன்றின் மேல் மட்டும் ஏறவில்லை. நீ இல்லாத வீட்டுக்குள் போகப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் எட்டாம் தேதி போனேன். படிக்கட்டில் இடுப்பளவு புல். உன் கட்டில் மேல் கூரையிலிருந்து கொடி தொங்கிக்கொண்டிருந்தது. நீலக் கண்ணாடி தரையில் கிடந்தது.

அன்றைக்கே பூஜ்யத்துக்கு இழுத்திருக்கலாம். இழுத்தால் இடிவது நிற்கும், இடிந்தது எழாது. அழுகிய பலகையைச் சிதைவு ஓடும்போதுதான் பிடுங்க முடியும், பூஜ்யத்தில் அது கல் மாதிரி இறுகிவிடும். அதனால் ஓடவிட்டே, உனக்குத் தெரிவதற்குள் சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். உன் கட்டிலில் படுத்து எழுந்தால் உன் வீடு நிற்கிறது, ஆனால் என் நூலகத்தில் கறையான் வருகிறது. ஒரு நாள் அங்கே, ஒரு நாள் இங்கே என்று படுக்கிறேன். தினமும் முக்கால் மணி நேரம் கொடி வெட்டுகிறேன், பாலத்தைக் கடக்கிறேன், அலமாரி சுமக்கிறேன். இரண்டு வீடும் பாதிப் பாதியாக நிற்கின்றன. அண்ணா, எனக்குக் களைப்பாக இருக்கிறது. அல்ஜீப்ராவில் நாற்பதுக்குப் பதினேழு.

நோட்டின் முதல் பக்கத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

டானியா

---

கொடைரோடு அருகே
3 நவம்பர் 2024

டானியா,

உன்னிடம் ஒன்றுதான் கேட்டேன். இங்கே எனக்குச் சொந்தமாக ஒரு பேனாகூட இல்லை. அது ஒன்றுதான் இருந்தது.

இடிந்தது பரவாயில்லை. எரிகிறது என்று எழுதினாயே. அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் தெரியுமா?

ஜெரோஷ்

---

நிக்டி
8 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்த மாதம் உன் கடிதம் வரவில்லை. அம்மா தினமும் கீழே இறங்கித் தபால்பெட்டியைப் பார்க்கிறார்கள். வாட்ச்மேன் "குச் நஹி ஆயா, டீச்சர்" என்று தூரத்திலேயே கையை விரித்துவிடுகிறார்.

நான் பொய் எழுதியது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் வேறொன்றும் எழுத வேண்டும். நீயும் ஒன்றுதான் கேட்டாய், அம்மாவும் ஒன்றுதான் கேட்டார்கள், இரண்டையும் காக்கிறவள் நான். நீ வருவாய் என்று ஒரு அறை. நீ வருவாய் என்று ஒரு ஊர். நான் ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறேன், நாங்கள் மூன்று பேரும் கதவு அடைத்த ஒரு அறையைச் சுற்றி நடக்கிறோம். நீ போவதாகச் சொன்னபோது அழாமல் சரி என்றேன். போகவும் செய்து, விட்டது விட்டபடி இருக்கவும் வேண்டும் என்றால் எப்படி?

போன வாரம் அம்மா என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்கள். நான்கு வருடத்தில் இதுதான் முதல் முறை.

"அந்த நீல வீடு யாருது? இப்படிக் கெடக்கு?"

"அண்ணனோடதும்மா."

"பூட்டியே போட்டுட்டீங்களோ?"

"பூட்டலம்மா. ஆள் படுத்து எந்திரிச்சா சுவரு நிக்கும். இல்லன்னா இடியும். இந்த ஆட்டத்துல அப்படி."

அம்மா "நெசந்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, குக்கர் கூப்பிட்டதும் போய்விட்டார்கள். அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "கம்ப்யூட்டர்லயும் காடு வளக்கியா? போசரில நிழலுக்கு ஒரு மரம் கெடையாது, ரெண்டக் கொண்டு வந்து நடு" என்றார்.

அன்றோடு நான் ஊருக்குள் போவதை நிறுத்திவிட்டேன். கோடுகள் ஐந்திலேயே இருக்கின்றன. பிப்ரவரி 21 பரீட்சை.

மாஸ்டர் ஃபாதர் படித்தாலும் பரவாயில்லை, ஒன்று கேட்கிறேன். நீ வருவாயா, மாட்டாயா? எதுவானாலும் எழுது. தெரியாமல் இருப்பதுதான் எங்களைக் களைப்பாக்குகிறது.

டானியா

---

கொடைரோடு அருகே
5 ஜனவரி 2025

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள டானியா,

டிசம்பரில் ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். அதில் உன்னைத் திட்டியிருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு இன்னொன்று எழுதினேன். அதையும் கிழித்தேன். அதில் வருகிறேன் என்று எழுதியிருந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். இங்கே வந்த முதல் வாரத்திலிருந்து, தினமும் படுத்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு நம் ஊருக்குள் போவேன். பாலத்தைக் கடந்து குன்றில் ஏறி என் வீட்டுக்குள் போய்ப் படுப்பேன். அங்கேதான் தூங்குவேன். பிடிக்காவிட்டால் அங்கே திரும்பிவிடலாம் என்று ஒரு இடம் வேண்டியிருந்தது. அதற்குத்தான் பூஜ்யம். அதற்குத்தான் உன்னைக் காவல் வைத்தேன். உன்னைக் கேட்டு வைத்தேனா? இல்லை.

இடிந்தது என்று நீ எழுதியபின் அங்கே போக முடியவில்லை. கண்ணை மூடினால் புல்லும் கொடியும்தான் வந்தன. இரண்டு மாதம் சரியாகத் தூக்கம் இல்லை. எல்லோரும் சீமைக்கருவேலம் வெட்டப் போகும்போது நான் நின்றபடியே தூங்குவேன். என்னோடு இருக்கும் பிரதர் முகுந்த் ஒரு நாள் என் கையிலிருந்து அரிவாளை வாங்கிக்கொண்டார். "வேய், கால வெட்டிக்கிடாதேயும், நமக்கு ஓடுறதுக்குக் கால் வேணும்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் எப்போதென்று தெரியாமல் தூங்கிவிட்டேன். இங்கேயே, இந்தக் கட்டிலில். காலையில் மணி அடித்தபோதுதான் எழுந்தேன். எங்கே இருக்கிறேன் என்று தேடவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. தினமும் களைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மே மாதம் நான் வார்த்தைப்பாடு கொடுப்பேன். வர மாட்டேன், டானியா.

அம்மாவுக்குத் தனியாக ஒரு தாள் இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். அவர்கள் வாசிக்கும்போது நீ பக்கத்தில் இரு.

உனக்கு மூன்று வேலை. ஒன்று, ஊரில் உன் நூலகத்திலேயே படு, என் வீட்டுக்குப் போய்ப் படுக்காதே. இரண்டு, செடி வளர்ச்சியைப் பத்துக்கு இழு. என்ன முளைக்கிறது என்று ஒரு தடவை போய்ப் பார்த்து எனக்கு எழுது, எனக்குத் தெரிய வேண்டும். மூன்று, அந்த ஷூவைத் தூக்கி யாருக்காவது கொடு. உள்ளே ஆணி குத்தும், அம்மாவிடம் சொன்னதே இல்லை.

எரிகிறது என்று நீ எழுதியதற்கு இனிக் கோபம் இல்லை. எரிகிறதா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டவன் நான்.

அன்புடன்,
அண்ணன் ஜெரோஷ்

---

நிக்டி
19 ஜனவரி 2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அம்மா உன் தாளை நின்றுகொண்டே வாசித்தார்கள், சமையலறை ஜன்னல் பக்கம். நீ சொன்னபடி பக்கத்தில் நின்றேன். இரண்டு முறை வாசித்தார்கள். அழுவார்கள் என்று நினைத்தேன், அழவில்லை. மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, "தமிழு நல்லா எழுதியிருக்கான்" என்றார்கள். பிறகு கறிவேப்பிலை உருவ ஆரம்பித்தார்கள். ஒரு கொத்து முடிந்து, உருவிய காம்பையே மறுபடி எடுத்து உருவினார்கள். நான் வாங்கி வைத்தேன்.

அப்பா வந்ததும் சொன்னோம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்தார். "நல்லாருக்கட்டும்" என்றார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "ஆணி குத்துச்சுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே வேற வாங்கியிருப்பேம்லா" என்றார். அதற்குத்தான் அவர் குரல் உடைந்தது. அதற்கு முந்தியதற்கு இல்லை.

நேற்று காலையில் அம்மாவே உன் அறைக்கதவைத் திறந்து வைத்தார்கள்.

"டானியா, புஸ்தகத்த எடுத்துட்டு வாட்டி."

"எங்கம்மா?"

"எங்கன்னா? இங்கதான். ஆள் படுத்தா சுவரு நிக்கும்னு நீதான சொன்ன? அங்க மட்டுந்தானா அது?"

அப்பாவும் நானும் அலமாரியை நகர்த்தினோம். பின்னால் பூசணம் என் உயரத்துக்கு ஏறியிருந்தது. நீ எட்டாம் வகுப்பில் தொலைத்ததாகச் சொன்ன காம்பஸ் அங்கேதான் கிடந்தது, முழுக்கத் துரு. அப்பா சுவரைச் சுரண்டினார். அம்மா உன் சட்டைகளை வெயிலில் போட்டு, எந்தெந்தச் சட்டை உனக்குப் பிடிக்காது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஷூ வாட்ச்மேனின் மகனுக்குப் போனது. ஆணியை அப்பா அடித்துக் கொடுத்தார். பேஸ்ட்டை மட்டும் அம்மா எடுத்துக்கொண்டு போனார்கள். இன்று காலை பார்த்தேன், அதில்தான் பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள்.

இனி நம் ஊர். வெள்ளிக்கிழமையே செடி வளர்ச்சியைப் பத்துக்கு இழுத்தேன். இன்று மதியம் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். என் நூலகத்தில் ஆறு அலமாரிதான் மிச்சம், அது போதும். பாலத்தில் பாசி வழுக்கியது. குன்றில் உன் வீட்டுக்கு வழி தெரியவில்லை, புல்லைப் பிளந்துகொண்டு ஏறினேன். கோபுரம் பாதியில் நிற்கிறது. உள்ளேயிருந்து ஒரு மரம் எழுந்து கூரையைத் தாண்டிவிட்டது. உன் கட்டில் இருந்த இடத்தில் அதன் வேர். மரத்தில் ஏதோ அசைந்தது. கிட்டப் போனேன், பறவைகள். நாம் நான்கு வருடத்தில் அந்த ஊரில் ஒரு பறவையைக்கூடப் பார்த்ததில்லை, கவனித்திருக்கிறாயா? செட்டிங்ஸில் படித்தேன், செடி வளர்ச்சி எட்டுக்கு மேல் போனால்தான் கூடு கட்டுமாம். நாம் இரண்டுக்கு மேல் போனதே இல்லை. இது ஆட்டத்தை எழுதியவர்கள் வைத்த விதிதான், வேறு அர்த்தம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஏழு பறவைகள், எண்ணினேன். நீலக் கண்ணாடி ஒரே ஒரு துண்டு ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொடவில்லை.

பரீட்சை முடியும்வரை இனிப் போக மாட்டேன். நீயும் இனி அதைப் பற்றிக் கேட்க வேண்டாம். வேறு கேள். சாப்பிட்டாயா என்று கேள், படித்தாயா என்று கேள்.

இதை உன் அறையிலிருந்து எழுதுகிறேன். இனி எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, இன்றைக்கு உன் அறை என்றே எழுதுகிறேன். இங்கே மிக்ஸி கேட்காது. கீழே ரிக்ஷா திரும்பும் சத்தம் கேட்கும். சுவரில் சுரண்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. மேயில் நாங்கள் மூவரும் வருவோம். அப்பா இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஒன்பதரை மணிக்கு அம்மா போர்வை கொண்டு வந்தார்கள். வாசலில் நின்று அந்த ஜீரோ வாட் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜூன் இரண்டாம் தேதியிலிருந்து எரிவது.

"இது எரிஞ்சா உனக்கு உறக்கம் வராதே" என்றார்கள்.

"இருக்கட்டும்மா. பழகிருவேன்."

"எதுக்குட்டி?" என்றார்கள். சுவிட்சின் மேல் கை வைத்தார்கள். "எழுதி முடி. நான் நிக்கேன்."

முடிக்கிறேன். நின்றுகொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
டானியா

பி.கு. இதைக் காலையில் சேர்க்கிறேன், விட்டுப்போகக் கூடாது என்பதற்காக. ஒன்பது நாற்பதுக்கு அம்மா முதலில் குழல் விளக்கையும், பிறகு அந்தச் சின்ன பல்பையும் அணைத்தார்கள்.